மலை ஏறுமா சூரியசக்தி வண்டி? போடிமெட்டுப் பாதைக்கு ஒரு நேர்மையான கணக்கு!

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை இவை. மாலையில் அதே ஜீப்புகள் பனி மூட்டத்துக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி வரும். உரம், பூச்சிமருந்து, டீசல், அரிசி எல்லாம் மேலே ஏறுகின்றன. ஏலக்காய், மிளகு, காபி எல்லாம் கீழே இறங்குகின்றன. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு ஊர்களில் போடியும் ஒன்று. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தின் புற்றடி. எந்த ஏலத்துக்குப் போகும் காயாக இருந்தாலும், அதன் அடக்க விலையில் ஜீப் வாடகையும் ஒளிந்திருக்கிறது.

டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி நிற்கும் காலத்தில், ‘வெயிலில் ஓடும் வண்டி’, ‘காற்றில் சார்ஜ் ஏறும் வண்டி’ என்று செல்போனில் வரும் வீடியோக்களை விவசாயிகள் ஆர்வமாகப் பார்ப்பதில் வியப்பில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன்பு, இந்த மலைப்பாதைக்கு அந்த வண்டி என்ன செய்யும், என்ன செய்யாது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. கணக்கு ஒன்றும் கடினமில்லை. மின்சார பில்லில் வரும் ‘யூனிட்’ தெரிந்தால் போதும்.

வண்டியின் கூரை எவ்வளவு தரும்?

ஒரு ஜீப்பின் மேற்கூரையில் ஏறத்தாழ 3 சதுர மீட்டர் இடம் கிடைக்கும். இன்றைய சோலார் பேனல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 வாட் தரும். ஆக, கூரை முழுக்கப் பேனல் போட்டாலும் 600 வாட்தான். நல்ல வெயில் நாளில், நிழலே படாத இடத்தில் நிறுத்தினால், இது ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 யூனிட் தரும்.

‘நிழலே படாத இடம்’ என்பதில்தான் சிக்கல். ஏலம் நிழலில் வளரும் பயிர். தோட்டத்துக்குள் போகும் வண்டியும் பகல் முழுக்க மர நிழலில்தான் நிற்கும். பேனலின் ஒரு மூலையில் கிளையின் நிழல் விழுந்தாலே அதன் உற்பத்தி பெருமளவு குறைந்துவிடும். அதன்மேல் மலைச்சாலைப் புழுதி, சேறு, குலுக்கல். வீட்டுக் கூரையில் சரியான சாய்வில் 25 ஆண்டுகள் உழைக்கக்கூடிய பேனலை ஜீப் கூரையில் படுக்க வைத்தால், அந்த ஆயுளும் கிடைக்காது, அந்த உற்பத்தியும் கிடைக்காது.

கூரைப் பேனலை நம்பியே ஓடும் வாகனங்கள் இல்லாமல் இல்லை. கேரளாவில் வைக்கம் – தவணக்கடவு இடையே 2017 ஜனவரி முதல் ஓடும் ‘ஆதித்யா’ படகு நல்ல எடுத்துக்காட்டு. 75 பேர் பயணம் செய்யும் அந்தப் படகு, மாநில நீர்ப் போக்குவரத்துத் துறைக்குச் சொந்தமானது. அது வெற்றி பெற்றதற்குக் காரணங்கள் உண்டு. படகின் கூரை பெரியது, 20 கிலோவாட் பேனலைத் தாங்குகிறது. வேம்பநாட்டு ஏரியில் மரமும் இல்லை, மேடும் இல்லை. வேகம் குறைவு, தூரமும் குறைவு. ஆஸ்திரேலியாவில் 1987 முதல் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை 3,000 கிலோமீட்டருக்கு சோலார் கார் பந்தயம் நடக்கிறது. அதில் ஓடுபவை எடை குறைந்த, தட்டையான பந்தய வண்டிகள். பத்துப் பேரையும் இரண்டு மூட்டை உரத்தையும் ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுவதற்கானவை அல்ல.

ஏற்றத்துக்கு எத்தனை யூனிட்?

போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 25 கிலோமீட்டர். உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,000 மீட்டர். ஆட்களுடன் சேர்த்து 2 டன் எடையுள்ள ஒரு வண்டியை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் 5.4 யூனிட் வேண்டும். இது எந்த இன்ஜினுக்கும் பொதுவான கணக்கு. டயர் உராய்வு, காற்றின் எதிர்ப்பு, மோட்டாரிலும் பேட்டரியிலும் வீணாவது எல்லாம் சேர்த்தால், மேலே ஏற 9 முதல் 10 யூனிட் ஆகும்.

கூரைப் பேனல் ஒரு நாள் முழுக்கச் சேமித்துத் தருவது 2 முதல் 2.5 யூனிட். அதாவது, ஒரு முறை மெட்டு ஏற நான்கு நாள் வெயிலில் வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்க வேண்டும். ஜீப் தினமும் ஏறியாக வேண்டிய தொழில் இது.

அதே பேனலை வீட்டுக் கூரையில் வைத்தால் கணக்கு மாறிவிடும். தமிழ்நாட்டுச் சமவெளியில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் 12 யூனிட். இதற்கு வேண்டிய இடம் சுமார் 300 சதுர அடி. போடியில் ஒரு சாதாரண மாடி வீட்டிலேயே இந்த இடம் உண்டு. வெயிலைப் பிடிக்கும் வேலையைக் கட்டடத்திடம் கொடுத்துவிட்டு, ஓடும் வேலையை மட்டும் வண்டியிடம் விடுவதே இந்தத் தொழில்நுட்பத்தின் சூட்சுமம்.

இறக்கமும் ஒரு வருமானம்

மலைப்பாதையில் மின்சார வண்டிக்கு ஒரு தனி லாபம் இருக்கிறது. டீசல் ஜீப் இறங்கும்போது அதன் வேகத்தைப் பிரேக்கும் கியரும் தின்கின்றன. அந்த ஆற்றல் சூடாகிக் காற்றில் கலந்து வீணாகிறது. மின்சார வண்டியில் இறக்கத்தின்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். இதை ‘ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்’ என்கிறார்கள். மேலே சொன்ன 2 டன் வண்டி போடிமெட்டிலிருந்து இறங்கும்போது, உராய்வு போக 2 யூனிட் வரை திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. ஏற 9 அல்லது 10 யூனிட், இறங்கும்போது வரவு 2 யூனிட். ஆக, போய்வரச் செலவு 7 முதல் 8 யூனிட். பிரேக் ஷூ தேய்மானமும் குறையும்.

கீழே இறங்கும் சுமையைப் பயன்படுத்துவது இந்த மலைக்குப் புதிதல்ல. மூணாறு தேயிலைக்காக 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. 1908-ல் அது சிறு ரயில் பாதையானது. அந்தப் பாதையில் டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு மாட்டு வண்டிகளில் போடிக்கு வந்து வெளியூர்களுக்குப் போயின. 1924 பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. குரங்கணி பக்கம் போகிறவர்கள் இன்றும் சொல்லும் ‘டாப் ஸ்டேஷன்’ என்ற பெயர் அந்தக் காலத்தின் மிச்சம்தான்.

இன்று இதே தத்துவத்தில் சுவிட்சர்லாந்தில் ஒரு லாரி ஓடுகிறது. பீல் நகரை அடுத்த சிமென்ட் குவாரியில், 45 டன் எடையுள்ள மின்சார டிப்பர் காலியாக மேலே ஏறி, 65 டன் கல்லை ஏற்றிக்கொண்டு கீழே வருகிறது. இறங்கும்போது கிடைக்கும் மின்சாரமே அடுத்த ஏற்றத்துக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது.

அப்படியானால் ஏலக்காய் வண்டியும் சார்ஜ் இல்லாமலே ஓடுமா? ஓடாது. குவாரியில் சுமை முழுவதும் மேலிருந்து கீழே வருகிறது. ஏலத்தோட்டத்தில் நிலைமை வேறு. 100 கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்தினால் 20 கிலோ அளவுக்குத்தான் காய்ந்த காய் தேறும். உலர்த்தும் வேலை மேலேயே முடிந்துவிடுவதால், கீழே வருவது விலை கூடிய, ஆனால் எடை குறைந்த சரக்கு. வண்டியின் உண்மையான சுமை மனிதர்கள்தான். காலையில் ஏறியவர்களே மாலையில் இறங்குகிறார்கள். அதனால் இறக்கத்தில் கிடைப்பது உபரி வருமானம்தான், முழுச் செலவையும் அது ஈடுகட்டாது. ‘சார்ஜே போட வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வண்டி மேல் காற்றாடி வைக்கலாமா?

இது பலரும் கேட்கும் கேள்வி. ஓடும் வண்டியில் காற்று வேகமாக மோதுகிறது. அங்கே ஒரு சின்னக் காற்றாடி வைத்தால் மின்சாரம் வருமே என்று தோன்றும். மின்சாரம் வரும். ஆனால், அந்தக் காற்றை உண்டாக்குவதே வண்டியின் மோட்டார்தான். காற்றாடி சுழலும்போது வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுவையைச் சமாளிக்க மோட்டார் கூடுதலாக உழைக்க வேண்டும். காற்றாடி கொடுப்பதைவிட மோட்டார் கூடுதலாகச் செலவழிப்பதுதான் அதிகம். கிணற்றில் இறைத்த தண்ணீரைத் திரும்பக் கிணற்றிலேயே ஊற்றி, விழும் தண்ணீரில் சக்கரம் சுற்றி, அதைக் கொண்டு மோட்டாரை ஓட்ட முடியுமா? இதுவும் அப்படித்தான்.

இயற்கையாக வீசும் காற்று வேறு கதை. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோனது அந்தக் காற்றில்தான். 2011-ல் இரண்டு ஜெர்மானியர்கள் ஆஸ்திரேலியாவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஒரு சிறு மின்சார வண்டியில் சென்றார்கள். வண்டியை நிறுத்திய இடத்தில் காற்றாடியைக் கம்பத்தில் ஏற்றி பேட்டரியில் சார்ஜ் சேர்த்தார்கள். தோதான காற்று வீசியபோது பெரிய பட்டத்தைப் பறக்கவிட்டு வண்டியை இழுக்க வைத்தார்கள். வளைவுக்கு வளைவு காற்றின் திசை மாறும் மெட்டுப் பாதையில் பட்டம் கட்டி ஓட்ட முடியாது. ஆனால், ‘காற்றாடி நிற்க வேண்டும், வண்டி ஓட வேண்டும்’ என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

ஆடியில் காற்று, மாசியில் வெயில்

தேனி மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் இயற்கையே ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்குப் பேர்போன நான்கு கணவாய்கள் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம். தேனி, ஆண்டிபட்டி வட்டாரத்தில் சாலையோரத்திலேயே காற்றாலைகளைப் பார்க்கலாம். கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே, கேரள எல்லைக்குள் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் சுழல்கின்றன.

இந்தக் காற்று பலமாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். அதே மாதங்களில் ஏலமலை மேகத்துக்குள் கிடக்கும். மூடுபனி நாளில் சோலார் பேனலின் உற்பத்தி பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால், ஆடி, ஆவணியில்தான் தோட்டங்களில் காய் எடுப்பு சூடுபிடிக்கத் தொடங்குகிறது; ஜீப்புகளுக்கும் ஓய்வில்லாத காலம். வெயில் குறையும் நேரத்தில் வேலை கூடுகிறது. அப்போது கைகொடுப்பது காற்று. தை, மாசி, பங்குனியில் காற்று ஓய்ந்தாலும் வெயில் ஏறிவிடும்.

இந்த இரண்டையும் இணைப்பது மின்வாரியத்தின் கம்பி. விவசாயி தனியாகக் காற்றாலை நிறுவத் தேவையில்லை. வீட்டுக் கூரைச் சோலாரை மின்வாரியக் கம்பியோடு இணைத்து, வரவு செலவு இரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் வைத்தால், பகலில் வண்டி மலையில் இருக்கும்போது உற்பத்தியாகும் மின்சாரம் கம்பிக்குப் போகும். இரவில் வண்டி வீட்டுக்கு வந்ததும் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பகல் வெயிலை இரவு வரை சேர்த்து வைக்கத் தனி பேட்டரி வாங்கும் செலவு இதனால் மிச்சமாகும்.

யாருக்கு இன்றே பொருந்தும்?

சமவெளி விவசாயி: போடி, சில்லமரத்துப்பட்டி, ராசிங்காபுரம், தேவாரம் பகுதியிலிருந்து மாங்காய், தேங்காய், காய்கறி, இலவம்பஞ்சு ஏற்றி போடிக்கோ தேனிக்கோ போகிறவர்களுக்கு மின்சார சரக்கு ஆட்டோ இன்றே பொருந்தும். சமவெளியில் இது ஒரு யூனிட்டுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் ஓடும். தினமும் 50 கிலோமீட்டர் என்றால் 5 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 40 ரூபாய். டீசல் சரக்கு ஆட்டோ லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுத்தால் அதே தூரத்துக்கு 2 லிட்டர், அதாவது 180 ரூபாய்க்கு மேல். ஒரு நாளைக்கு 140 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 250 நாள் ஓடினால் 35,000 ரூபாய். 2 கிலோவாட் வீட்டுச் சோலார் சராசரியாகத் தரும் 8 யூனிட்டில், வண்டி போக 3 யூனிட் வீட்டுக்கும் மிஞ்சும்.

ஸ்கூட்டரில் மலை ஏறும் சிறு தோட்டக்காரர்: ஆள், பையுடன் சேர்த்து 200 கிலோ என்றால், மெட்டு ஏற 1 முதல் 1.25 யூனிட் ஆகும். 3 யூனிட் பேட்டரி உள்ள ஸ்கூட்டர் ஏறி, இறங்கி வந்துவிடும். தொடர்ந்து ஏறும்போது மோட்டார் சூடாகி வேகம் குறைகிறதா என்பதை, வாங்கும் முன் மெட்டு வரை ஓட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நான்கு சக்கரச் சரக்கு வண்டி வைத்திருப்பவர்: ‘குட்டி யானை’ என்று அழைக்கப்படும் டாடா ஏஸ் வண்டியின் மின்சார ரகம் 2022-ல் அறிமுகமானது. அதன் பேட்டரி 21.3 யூனிட் கொண்டது. ஒரு நடை ஏறி இறங்க இது தாங்கும். ஒரே நாளில் இரண்டு, மூன்று நடை அடிப்பவர்கள் மேலே சார்ஜ் வசதியை உறுதி செய்த பிறகே யோசிக்கலாம்.

மூன்று சக்கர சரக்கு ஆட்டோ: சுமையுடன் மெட்டு ஏற இது ஏற்றதல்ல. சமவெளியோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

தொழிலாளர் ஜீப்: தோட்டத்துக்குள் போகும் கரடு முரடான பாதைக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப்தான் இன்னும் பழகிய வண்டி. தார்ச்சாலை வரை ஒரு மின்சார வேன், அங்கிருந்து தோட்டம் வரை மட்டும் ஜீப் என்று பிரித்துக்கொண்டால் டீசல் பாதியாகக் குறையும். தனி ஒருவருக்குக் கட்டுப்படியாகாத இந்த ஏற்பாடு, நான்கைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்தாலோ உற்பத்தியாளர் குழு முன்வந்தாலோ கைகூடும். ஆட்களை அடைத்து ஏற்றுவது எந்த வண்டியிலும் ஆபத்துதான். மலையிறக்கத்தில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மறக்கக் கூடாத ஐந்து விஷயங்கள்

1. மலை உச்சியில் பேட்டரியை நிரப்பக் கூடாது. முழுதும் நிரம்பிய பேட்டரியால் இறக்கத்தில் வரும் மின்சாரத்தை வாங்க முடியாது. அப்போது மோட்டார் பிரேக் வேலை செய்யாமல், முழுச் சுமையும் சாதாரணப் பிரேக் மீது விழும். மேலே சார்ஜ் போட்டால் 80 சதவிகிதத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

2. இலவச விவசாய மின் இணைப்பில் வண்டிக்கு சார்ஜ் போடக் கூடாது. அந்த இணைப்பு பம்ப்செட்டுக்கு மட்டுமே. மீறினால் அபராதம் விழும். வாடகைக்கு ஓடும் வண்டியை வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்வதாக இருந்தால், மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவும்.

3. ஐப்பசி, கார்த்திகையில் இடி, மின்னல் அதிகம். மின்னலின்போது சார்ஜரைப் பிடுங்கி வைக்க வேண்டும். சரியான எர்த் இல்லாத பிளக்கில் சார்ஜ் போடவே கூடாது.

4. பேட்டரி வாரன்டியை ஆண்டுக் கணக்கிலும் கிலோமீட்டர் கணக்கிலும் எழுத்தில் வாங்க வேண்டும். சர்வீஸ் சென்டர் தேனியில் இருக்கிறதா, மதுரைக்குப் போக வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும். மிச்சமாகும் டீசல் காசில் ஒரு பங்கை அடுத்த பேட்டரிக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்.

5. பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்கு பர்மிட் தேவையில்லை என்று 2018-ல் மத்திய அரசு அறிவித்தது. ஆனாலும், தமிழ்நாடு – கேரள எல்லையைத் தினமும் கடக்கும் வண்டிக்கு வரி, காப்பீடு, தகுதிச் சான்று விவரங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்ட பிறகே வாங்க வேண்டும்.

கேள்வி – பதில்

வீட்டுச் சோலாருக்கு மானியம் எவ்வளவு?

2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பி.எம். சூர்ய கர்’ திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் உண்டு. இது வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். ஸ்டோர், குடோன் இணைப்புகளுக்குப் பொருந்தாது.

வேளாண் பொறியியல் துறை மானியத்தில் வாங்கும் சோலார் பம்ப்செட் பேனலில் வண்டிக்கு சார்ஜ் போடலாமா?

சாதாரண பம்ப் கன்ட்ரோலரில் முடியாது. பம்ப் ஓடாத நேரத்தில் அரவை இயந்திரம், தீவனம் வெட்டும் கருவி, பேட்டரி சார்ஜர் போன்றவற்றை இயக்க ‘யுனிவர்சல் சோலார் பம்ப் கன்ட்ரோலர்’ என்ற கருவி இருக்கிறது. பம்ப்செட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே இது கிடைக்குமா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்கவும். தாங்களாகவே வயரை மாற்றிக் கட்டினால் வாரன்டி போய்விடும்.

ஏலக்காய் ஸ்டோர் கூரையில் பேனல் போட்டால் பலன் உண்டா?

உண்டு. ஏலக்காயை நேரடி வெயிலில் உலர்த்தினால் பச்சை நிறம் வெளுத்துவிடும் என்பதால் உலர்த்துவது ஸ்டோருக்குள்தான். அதனால் கூரை சும்மாதான் கிடக்கிறது. மர நிழல் படாத கூரையாக இருந்தால், ஸ்டோரின் விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், ஸ்கூட்டர் சார்ஜ் ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம். நிழலுக்காக வளர்த்த மரத்தை வெட்டிப் பேனலுக்கு வெயில் தேடுவது மட்டும் கூடவே கூடாது. மலை குளிர்ந்து இருப்பதும் ஏலம் காய்ப்பதும் அந்த மரங்களால்தான்.

எந்த வண்டியை வாங்குவது என்று எப்படி முடிவு செய்வது?

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வைக்கவும். தினமும் எத்தனை கிலோமீட்டர், அதில் ஏற்றம் எவ்வளவு, மேலே போகும் எடை எவ்வளவு, கீழே வரும் எடை எவ்வளவு, எத்தனை லிட்டர் டீசல், இரவில் வண்டி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்ற ஆறு விவரங்கள் போதும். விற்பனையாளர் சொல்லும் மைலேஜ் சமவெளிக்கானது. இந்த நோட்டை அவர் முன் வைத்து, சுமையோடு போடிமெட்டு வரை ஓட்டிக் காட்டச் சொல்லவும். ஏறி இறங்கிய பிறகு பேட்டரியில் 30 சதவிகிதமாவது மீதம் இருந்தால், அந்த வண்டியைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.